‘என்ஜின் நல்ல கண்டிஷன்!’

பழைய மோட்டார் வண்டி விற்கிறவர்களிடம் ஒரு மந்திரம் உண்டு. “என்ஜின் நல்ல கண்டிஷன், சார்!” என்பதே அது. இந்த நான்கு வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் போதும். வாங்க வந்தவருக்கு வாய் அடைத்துப் போகிறது. அப்புறம் விற்கிறவர் குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, “பாடியிலே மட்டும் கொஞ்சம் வேலை இருக்கு. சைடு கதவு கொஞ்சம் இறுக்கம். அது ஒண்ணுமில்லே” என்று சேர்த்துக் கொள்வார். வாங்குகிறவரும் அதை ஒன்றுமில்லை என்றே எடுத்துக் கொள்வார்.

இந்த ‘ஒண்ணுமில்லே’யைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் என்ஜினுக்குள் உட்கார்ந்து பிரயாணம் செய்வதில்லை. தகரக் கூட்டுக்குள்தான் உட்காருகிறார்கள். அந்தக் கூட்டுக்குக் கதவும் தரையும் சரியாக இல்லையென்றால், என்ஜின் எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். ஓடாத வண்டியிலிருந்து யாரும் விழுந்து சாவதில்லை அல்லவா?

“நாவல் எழுதுகிறவனுக்கு வேன் கதவைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் எழுதுவதெல்லாம் குடும்பங்களைப் பற்றி. தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் குடும்பங்கள் தங்கள் குழந்தைகளைத் தலை வாரி, பொட்டு வைத்து, சாப்பாட்டுக் கூடையைக் கையில் கொடுத்து எதற்குள் ஏற்றி அனுப்புகின்றன என்பது என் விஷயம் இல்லையென்றால், வேறு எது என் விஷயம்?

மாருதி ஆம்னியைப் பற்றியே பேசுவோம். ஏனென்றால் தமிழ்நாட்டில் ‘வேன்’ என்றால் பாதிப் பேருக்கு அதுதான் கண்முன் வரும். 1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரோடு வந்தது. பிறகு ‘ஆம்னி’ என்று பெயர் மாற்றிக் கொண்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். வண்டிக்கு மூக்கு என்று ஒன்று கிடையாது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம், அதற்கு முன்னால் உலகம். இரண்டு பக்கமும் பின்னோக்கித் தள்ளித் திறக்கும் கதவுகள். கல்யாணத்துக்குச் சீர்வரிசை ஏற்றினார்கள். காய்கறி ஏற்றினார்கள். நோயாளியைப் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் என்றார்கள். சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கு வில்லன்களும் இதே வண்டியைத்தான் நம்பினார்கள். சந்துக்குள் நுழையும், பெட்ரோல் அதிகம் குடிக்காது, பட்டறைக்காரர் யாராக இருந்தாலும் பிரித்துப் பூட்டுவார். நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட உபகாரம் செய்த வண்டி அதிகம் இல்லை. இந்த வண்டியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

மோதல் பாதுகாப்புக்கென்று வந்த புதிய விதிகளுக்கு இந்த உடம்பு ஈடுகொடுக்காது என்று 2019-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆனால் விற்ற வண்டிகள் ஆவியாகிவிடவில்லை. இருபது வயது, இருபத்தைந்து வயது வண்டிகள் நம் ஊர்த் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் கதவுகளைப் பாருங்கள்.

சினிமாவில் வில்லன் ஒரே இழுப்பில் அந்தக் கதவைத் திறந்து, கதாநாயகியை உள்ளே தள்ளி, ஒரே தள்ளில் சாத்திவிடுவான். வாஸ்தவத்தில் இருபது வயது வேனில் அவன் கடத்த வந்திருந்தால், கதவைத் திறந்து சாத்துவதற்குள் போலீஸ் வந்து சேர்ந்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் திறக்காது. இழுத்துக்கொண்டே மேலே தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டே பின்னால் தள்ள வேண்டும். சாத்துவது அதைவிடப் பெரிய வித்தை. “அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, சார். லேசாத் தூக்கி, இழுத்து, ஓங்கி ஒரு அடி!” என்று டிரைவர் பெருமையாகச் சொல்வார். ஏதோ வீணை வாசிக்கச் சொல்லித் தருவதுபோல!

இந்தப் ‘பக்குவம்’ என்ற சொல்தான் நம்முடைய முதல் விரோதி. கதவுக்குப் பக்குவம் தேவைப்படுகிறதென்றால் கதவு கெட்டுவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

தள்ளு கதவு எப்படி நிற்கிறது என்று பார்த்தால் இது புரியும். சாதாரணக் கார்க் கதவு இரண்டு கீல்களில் தொங்குகிறது. தள்ளு கதவுக்குக் கீல் இல்லை. மேலே கூரை விளிம்பில் ஒரு தண்டவாளம், கீழே படியை ஒட்டி ஒரு தண்டவாளம், வண்டியின் வெளிப்பக்கத்தில் நடு உயரத்தில் ஒரு தண்டவாளம். இந்த மூன்றிலும் சின்னச் சின்ன உருளைகள். நம் ஊர் மெக்கானிக்குகள் ரோலர் என்பார்கள். அவற்றின்மேல்தான் அந்தக் கனத்த கதவு நகர்கிறது. கதவு முதலில் வெளியே வந்து, பிறகு பின்னால் போகவேண்டும்; அதற்காகத் தண்டவாளம் முன் முனையில் வளைந்திருக்கும். சாத்தும்போது அதே வளைவில் உள்ளே திரும்பி, கொக்கி தன் இடத்தில் ‘டக்’கென்று விழ வேண்டும்.

கீழ்த் தண்டவாளம் இருப்பது ஏறுகிறவர்கள் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். செருப்பு மண், மழைச் சேறு, குழந்தைகள் சிந்திய பிஸ்கட் தூள், மிக்சர், எல்லாம் அதற்குள்தான் சேருகின்றன. ‘கதவு இறுக்கம்’ என்றவுடன் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த மண்ணின் மேலேயே ஒரு கை கிரீஸை அப்புகிறார்கள். மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் அது மசகு அல்ல, ஐயா. அது அரைக்கிற விழுது! ரோலரை அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ரோலர் தேய்ந்தால் கதவு தன் கனத்தால் தொங்குகிறது. தொங்கினால் கொக்கியும் அது விழ வேண்டிய இடமும் நேருக்கு நேர் வருவதில்லை. ஆகவே ஓங்கி அடிக்கிறோம். ஓங்கி அடிக்க அடிக்கக் கொக்கி தேய்கிறது, அதைத் தாங்கும் தகரம் நெளிகிறது, ரப்பர் பீடிங் கிழிகிறது. அடுத்த மாதம் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ரோலர் தேய்ந்ததில் ஆரம்பித்த வியாதி இப்படித்தான் வண்டியின் உடம்பு முழுவதும் பரவுகிறது. இதற்குத்தான் ‘பக்குவம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, கதவு கொஞ்சம் சண்டித்தனம் செய்தால் என்ன குடி முழுகிப் போகிறது என்பீர்கள்.

பஸ் சட்டென்று வேகம் எடுத்தால் நாம் பின்பக்கம் சாய்கிறோம்; பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். இது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். தள்ளு கதவுக்கும் இதே நியதிதான். கொக்கி சரியாக விழாத கதவு, வண்டி வேகம் எடுக்கும்போது தானாகப் பின்னால் போகும்; அதாவது திறந்துகொள்ளும். பிரேக் போட்டால் முன்னால் பாயும். அதாவது வந்து அறையும். மேட்டில் நிறுத்தினால் திறக்கும். சரிவில் நிறுத்தினால் சாத்திக்கொள்ளும். திறந்த கதவை அப்படியே பிடித்து வைக்கிற பிடிப்பு ஒன்று பின்முனையில் இருக்க வேண்டும். அது தேய்ந்த வண்டியில், குழந்தை வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற தருணத்தில், அத்தனை கனமும் அந்தப் பிஞ்சு விரல்களின் மேல் வந்து இறங்கும்.

கீல் வைத்த முன் கதவு சரியாகச் சாத்தாவிட்டால், எதிர்க்காற்றே அதை அழுத்திப் பிடிக்கும். தடதடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கவும் செய்யும். தள்ளு கதவுக்கு அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது. கொக்கி பாதி விழுந்த கதவு, முழுக்க விழுந்த கதவைப் போலவே பார்வைக்குத் தோன்றும். எட்டுக் குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேனில் கடைசியாக ஏறிய குழந்தையின் முதுகு அந்தக் கதவின் மேல்தான் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: திறக்கவே திறக்காத கதவு. உள்பக்கத்துக் கைப்பிடியையும் கொக்கியையும் இணைக்கிற கம்பி அறுந்து போயிருக்கும். “உள்ளேருந்து தொறக்காது, சார், நான் இறங்கி வந்து தொறந்து விடுவேன், குழந்தைகளுக்கு அதுதான் ஸேஃப்டி” என்று ஒரு வேன்காரர் என்னிடமே வியாக்கியானம் செய்தார். என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டி அது. புகை வந்தால், அல்லது வண்டி குளத்துக்குள் சரிந்தால், அவர் இறங்கி வந்து திறந்து விடுகிற நிலையில் இருப்பார் என்று யார் ஜாமீன் கொடுத்தார்கள்? அறுந்த கம்பிக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கதவோடு நின்றால் தேவலை. துரு என்று ஒரு கரையான் இருக்கிறது.

மழைத் தண்ணீர் கதவுக் கண்ணாடியில் வழிந்து, பழுதான ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் வெளியே போகக் கதவின் அடியில் சிறு துவாரங்கள் உண்டு. அவற்றில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். இரும்பு அங்கேதான் அழுக ஆரம்பிக்கிறது, உள்ளிருந்து வெளியே. வெளியில் பெயிண்ட் கொப்புளம் போல உப்பி நிற்பதை நாம் பார்க்கிற அன்றைக்கு, அதன் பின்னால் தகரம் பாதி போயிருக்கும். சக்கர வளைவுகள், படிக்கட்டுச் சட்டம், சீட்டுக்கு அடியிலுள்ள தரை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்தக் காரியத்தை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்து முடிக்கும்.

லாரிக்குக் கீழே தனியாக ஒரு கனத்த சட்டம் உண்டு. மேலே உள்ள கூடு போனாலும் சட்டம் தாங்கும். இந்த மாதிரிச் சிறு வேன்களில் மடித்து வெல்டு செய்த தகரமேதான் பலம். கதவுக்கு அடியில் ஓடும் படிச்சட்டம் அழகுக்காக வைத்ததல்ல. அது வண்டியின் விலா எலும்பு. அது துருப்பிடித்தால் தண்டவாளம் நிற்கிற இடமே ஆட்டம் காணும். அப்புறம் எத்தனை புது ரோலர் போட்டாலும் கதவு நிற்காது. வெல்டிங் வைக்கப் போனால் நல்ல தகரத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த வியாதிக்கு நம் ஊரில் செய்கிற வைத்தியம் என்ன தெரியுமா? பட்டி!

எங்கள் தெருக்கோடியில் ஒரு பட்டறை இருக்கிறது. ஊரையும் பேரையும் சொல்லவேண்டாம். ஒரு வேனின் சக்கர வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பையன் ஒருவன் அதில் பழைய துணியைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் பட்டியை வழித்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஓட்டை மாயமாக மறைந்தது. “ஏண்டா தம்பி, அடியிலே தகரம் வச்சு வெல்டு பண்ணலையா?” என்று கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தாமல், “இது எஃப்.சி. பட்டி, சார். ஒரு மாசம் நின்னாப் போதும்” என்றான்.

அந்தப் பையனை நான் குற்றம் சொல்லவில்லை. அவன் ஒளிவுமறைவில்லாமல் உண்மையைச் சொன்னான். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற அன்றைக்கு வண்டி முழுதாகத் தெரிய வேண்டும். மறுநாளைப் பற்றி வண்டிக்காரருக்குக் கவலை இல்லை, இன்ஸ்பெக்டருக்கும் கவலை இல்லை, காசு கொடுக்கிற பெற்றோருக்கும் கவலை இல்லை. எல்லோரும் சேர்ந்து கேட்ட சரக்கைத்தான் அவன் செய்து கொடுக்கிறான்.

மறுநாள் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு தடவை கண்ணால் கண்டது. 2012-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, சென்னைக்குத் தெற்கே தாம்பரத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி பள்ளிக்கூடத்து பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழ் இருந்தது! ஜனங்கள் ஆத்திரம் தாங்காமல் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று அரசாங்கம் தனி விதிகள் செய்தது. நல்லதுதான். ஆனால் நான் கேட்பது வேறு. அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்ததா? ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் ‘என்ஜின் ஓடுகிறதே’ என்று திருப்தி அடைந்திருப்பார்கள்?

அந்தச் சாவு கதவால் வந்ததல்ல, வேனில் வந்ததுமல்ல என்று யாராவது வாதாடலாம். தரையோ கதவோ, இரண்டும் ஒரே ஜாதி. ‘பாடி வேலைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற ஒரே அலட்சியத்தின் இரண்டு பிள்ளைகள்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். வாடகைக்கு ஓடும் வண்டிகள் புதிதில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், எட்டு வருஷத்துக்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் தகுதிச் சான்றுக்குப் போய் நிற்க வேண்டும். சொந்த வண்டி என்று பதிவு செய்தால்? 15 வருஷம்! முதல் தடவை பதிவான நாளிலிருந்து 15 வருஷம் அந்த வண்டியின் கதவு சாத்துகிறதா, தரை இருக்கிறதா என்று தகுதிச் சோதனைக்கென்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ‘சொந்த உபயோகம்’ என்று வெள்ளைப் பலகை மாட்டிக்கொண்டு, தெருவிலுள்ள பத்துக் குழந்தைகளை மாதச் சம்பளம் பேசி ஏற்றிப் போகிற வேன்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 15 வருஷம் என்பது ஒரு குழந்தை எல்.கே.ஜி.யில் சேர்ந்து பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிற காலம்.

வண்டியில் தயாரிப்புக் கோளாறு இருந்தால் கம்பெனியைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் 2019-ல் செய்த சட்டத் திருத்தத்தில் வந்தது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் அமலுக்கு வந்தன. ஆனால் அவை ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. வயதான வண்டிக்கு அங்கேயும் நாதி இல்லை.

வயதான வண்டியைப் பற்றிச் சர்க்காருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே வைத்தியம்: அழி, அல்லது பணம் வாங்கு. 2021-ல் பழைய வாகனங்களை உடைப்பதற்கென்று ஒரு கொள்கையே வந்தது. சர்க்காரின் சொந்த வண்டிகளுக்கு 15 வருஷத்துக்குமேல் பதிவு கிடையாது என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி வந்தது. தனியார் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. கட்டணத்தை எட்டு மடங்குக்குமேல் ஏற்றினால் ரோலர் புதிதாகிவிடுமா? துரு பயந்து ஓடிவிடுமா? அந்தப் பணத்தைக் கட்டிய மனிதர் கதவு வேலைக்கு வைத்திருந்த காசைத்தான் எடுத்துக் கட்டியிருப்பார்.

வயது குற்றமில்லை. முப்பது வருஷத்து வண்டியை நகை மாதிரி வைத்திருக்கிறவர்களை நான் அறிவேன். கதவை ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும். ஆறு வருஷத்து வண்டியைக் குப்பைத் தொட்டி ஆக்கியவர்களையும் அறிவேன். வயதைப் பார்த்துத் தண்டிப்பது சோம்பேறி நிர்வாகம். கதவைத் திறந்து பார்ப்பதுதான் நிர்வாகம்.

பிற தேசத்தார் கதவுக் கொக்கியை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1984 முதல் விற்ற மினிவேன்களில், மோதல் நேர்ந்தால் பின்கதவின் கொக்கி விட்டுக்கொடுத்துக் கதவு திறந்து, உள்ளே இருப்பவர்கள் வெளியே தூக்கி எறியப்படுகிறார்கள் என்று புகார் எழுந்தது. அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகா விசாரித்தது. வாக்குவாதமெல்லாம் நடந்து, கடைசியில் 1995-ல், ஏறக்குறைய 40 லட்சம் வண்டிகளுக்குக் கம்பெனி தன் செலவில் கொக்கி மாற்றித் தர ஒப்புக்கொண்டது. பத்து வருஷம் ஓடிய வண்டிகளும் அதில் அடக்கம். 2016-ல் டொயோட்டா கம்பெனி, தன் ‘சியன்னா’ வேனின் மின்சாரத் தள்ளு கதவு ஓடும்போதே திறந்துகொள்ளக் கூடும் என்று, லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கேயும் வியாபாரிகள் வியாபாரிகள்தான். தர்மப் பிரபுக்கள் அல்லர். கேள்வி கேட்கிற ஆள் இருந்ததால் கொக்கி மாறியது. இங்கே கேள்வி கேட்க வேண்டியவர்கள் கயிற்றைக் கொண்டு வந்து கதவைக் கட்டிக்கொள்கிறார்கள்!

ஆம், கயிறு. நைலான் கயிற்றால் உள்பக்கமாகக் கைப்பிடியை சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய வேன்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டும், “அண்ணே, பாத்துப் போங்க” என்று சொல்லிக் குழந்தைக்குக் கை அசைக்கிற தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன்.

“என்ன சார் செய்வது? வேன்காரர் ஏழை. அவரைப் போய்க் கதவு மாற்று, தகரம் மாற்று என்றால் எங்கே போவார்?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கருணையை நான் நம்பவில்லை. மாதக் கட்டணத்தில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வேன்காரரோடு வாசலில் நின்று கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர்களும் இதே கருணாமூர்த்திகள்தாம். அவரை ஏழையாகவே வைத்திருந்துவிட்டு, அந்த ஏழ்மையைத் தன் அலட்சியத்துக்குச் சாக்காகவும் காட்டுவது என்ன நியாயம்? ரோலர் கோடி ரூபாய்ச் சாமான் அல்ல. பத்து வீட்டுக் குழந்தைகள் போகிற வேனுக்குப் பத்து வீடும் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு ஹோட்டல் டிபன் செலவுகூட ஆகாது. படிச்சட்டம் வெல்டிங் வேலை கூடுதல் செலவுதான். அதையும் பத்தால் வகுத்தால் பள்ளிக்கூடம் வருஷா வருஷம் ஏற்றுகிற கட்டணத்தின் பக்கத்தில் அது நிற்காது.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முன் கண்ணாடியில் சாமி பெயர், பின் கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், உள்ளே பாட்டுப் பெட்டி, பளபளக்கும் சீட் உறை இவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் தெளித்து மாலை போடுகிறீர்கள். அன்றைக்காவது கீழ்த் தண்டவாளத்தின் மண்ணைச் சுரண்டி, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, கதவின் அடித் துவாரங்களை ஒரு குச்சியால் குத்திவிடக் கூடாதா? அதற்குப் பணமே வேண்டாமே! பூஜை என்றால் அதுவல்லவா பூஜை?

பெற்றோர்களுக்கு நான் ஒரு பரீட்சை சொல்லித் தருகிறேன். மோட்டார் சாஸ்திரம் எதுவும் தெரிய வேண்டாம். நாளைக் காலை, வண்டி சமதரையில் நிற்கும்போது, கதவைப் பாதி திறந்து வைத்து அதன் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கதவு குலுங்கினால் ரோலர் போய்விட்டது. கதவை அடிக்காமல், தூக்காமல், சாதாரணமாகத் தள்ளிச் சாத்துங்கள். கொக்கி விழவில்லையென்றால் அந்த வண்டி ஓடத் தகுதியில்லாதது. உள்ளே ஏறி உட்கார்ந்து, உள்பக்கத்திலிருந்து நீங்களே திறந்து பாருங்கள். கடைசியாக, தரையில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு, சீட்டுக்கு அடியிலும் படி ஓரத்திலும் கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். தகரம் அமுங்கினால், அன்றைக்குக் குழந்தையை ஆட்டோவில் அனுப்புங்கள், பஸ்ஸில் அனுப்புங்கள், இல்லை நடத்திக் கூட்டிப் போங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம் ஆகும்.

வேன்காரர் முகம் சுளிப்பார். “இத்தனை நாளா ஓட்டறேனே, என்னிக்காவது ஒண்ணு ஆச்சா?” என்பார். இந்தக் கேள்விக்கு மயங்காதீர்கள். ஒன்று ஆகிற நாள் வரைக்கும் எல்லா வண்டியும் ஒன்றும் ஆகாத வண்டிதான்.

ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசற்கதவைத் திறந்து சாத்திப் பார்க்கிறோம். கதவு உரசினால் தச்சரைக் கூப்பிடுகிறோம். அசையாத வீட்டுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், மணிக்கு அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீட்டின் கதவுக்குக் கயிறு போதும் என்கிறோமே, இது என்ன கணக்கு?

பழைய வண்டியை வாங்குங்கள், தவறில்லை. பழைய வண்டியில் குழந்தையை அனுப்புங்கள், அதுவும் தவறில்லை. ஆனால் “என்ஜின் நல்ல கண்டிஷன்” என்று யாராவது ஆரம்பித்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ரொம்ப சந்தோஷம், ஐயா. கதவை ஒரு விரலால் சாத்திக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். அவர் கதவைத் தூக்க ஆரம்பித்தாரானால், நீங்கள் உங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.